படபடப்புக்கு மாத்திரையா, பேச்சா, மூச்சா? கீமோ நாள்களில் நான் எடைபோட்டுப் பார்த்தவை

மார்பகப் புற்றுநோய்க்காக எடுத்த இரண்டாவது கீமோ முடிந்த நான்காம் நாள், ரத்தப் பரிசோதனைக்காகக் கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். கிருமாம்பாக்கம் தாண்டும்போது மூச்சு முட்டியது. விரல்கள் மரத்துப்போயின. நெஞ்சு அடித்துக்கொண்ட வேகத்தில், இது மாரடைப்புதான், இந்தப் பஸ்ஸிலேயே உயிர் போய்விடும் என்று முடிவே கட்டிவிட்டேன். பக்கத்தில் இருந்த நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணி, எறங்கிடலாமா?" என்றாள். தவளக்குப்பத்தில் இறங்கி ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். 20 நிமிடத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. ஆனால் அன்றிலிருந்து, மறுபடி எப்போது வருமோ என்று காத்துக்கொண்டிருப்பதே என் வேலையாகிப்போனது.

ஆளாளுக்கு ஒரு வழி சொன்னார்கள். மருந்துக்கடைக்காரர் அரை மாத்திரை போட்டுக்கொண்டால் நன்றாகத் தூங்கலாம் என்றார். நாத்தனார் பிராணாயாமம் என்றாள். என் அம்மா பாடலீஸ்வரருக்கு விளக்கு போட்டுவிட்டு வந்தார். மாமியார் மட்டும், "நரம்பு டாக்டர்கிட்ட எல்லாம் போவாத, அப்புறம் அதுவே பழக்கமாயிடும்" என்றார். ஒவ்வொருவரும் என் மேல் உள்ள அன்பில்தான் சொன்னார்கள். ஆனால் எதை எடுப்பது, எதை விடுவது என்று எனக்குத் தெரியவில்லை. கீமோ, ஆபரேஷன், கரண்ட் என்று நாம் சொல்லும் கதிர்வீச்சு என்று ஒரு வருடத்தை ஓட்டி முடித்து, இப்போது நோய் திரும்பாமல் இருக்கத் தரும் டமாக்சிஃபென் மாத்திரை தினம் ஒன்றோடு இருக்கிறேன். இதே பாதையில் இன்று பஸ் ஏறுகிற ஒரு பெண்ணுக்குப் பயன்படட்டும் என்று நான் பார்த்ததையும், மருத்துவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. மாத்திரைப் பெயர்களை உங்கள் மருத்துவரிடம் கேள்வியாகக் கொண்டுபோவதற்காக மட்டுமே சொல்கிறேன்.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. வருவது உண்மையிலேயே பயம்தானா, உடம்பு வேறு எதையாவது சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். என் விஷயத்தில் பாதி பயமே இல்லை. வாந்திக்குக் கொடுத்த மெட்டோகுளோப்ரமைடு மாத்திரை சிலருக்கு ஒருவிதமான அலைக்கழிப்பைக் கொண்டுவரும். உட்காரவும் முடியாது, படுக்கவும் முடியாது, கால் தானாக நடக்கச் சொல்லும். "சிஸ்டர், காலு ஒரு எடத்துல நிக்கமாட்டேங்குது" என்று நான் தற்செயலாகச் சொன்னதை அந்த நர்ஸ் காதில் வாங்கிக்கொண்டதால் தப்பித்தேன். மாத்திரையை மாற்றினார்கள், இரண்டு நாளில் கால் அடங்கிவிட்டது. இன்னொன்று டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. கீமோவோடு சேர்த்துத் தரும் இந்த மருந்து ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கும், மனத்தைப் பறக்கவிடும், நிறுத்தியதும் ஒரேயடியாகச் சோர்வில் தள்ளும். "இதைக் காலையிலேயே போட்டுக்கலாமா டாக்டர்?" என்று கேட்டேன், எனக்கு மாற்றிக் கொடுத்தார். ரத்தம் குறைந்தாலும் தைராய்டு ஏறினாலும்கூட நெஞ்சு படபடக்கும்.

அதைவிட முக்கியமானது ஒன்று. புற்றுநோயும் கீமோவும் ரத்தம் உறையும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. சிவப்பு மருந்து என்று நாம் சொல்லும் டாக்சோரூபிசினும், டிராஸ்டுசுமாப் ஊசியும் இதயத்தைப் பாதிக்கக்கூடியவை. நடுநடுவே எக்கோ எடுப்பது அதற்காகத்தான். ஆகவே திடீரென்று மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், ஒரு கால் மட்டும் வீங்கினால், படுத்தால் மூச்சுவிட முடியாமல் போனால், இருமலில் ரத்தம் வந்தால், காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், மூச்சுப் பயிற்சி செய்துகொண்டு வீட்டில் உட்காராதீர்கள். நேரே மருத்துவமனைக்குப் போங்கள். போய்ப் பார்த்து 'ஒன்றுமில்லை, பதற்றம்தான்' என்று தெரியவந்தால் நல்லதுதானே. அதற்காக யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை.

அதெல்லாம் இல்லை, பயம்தான் என்று தெரிந்த பிறகும் எனக்கு ஒரு விஷயம் புரியக் கொஞ்ச காலம் ஆயிற்று. எனக்கு வந்தது ஒரே பயம் இல்லை. பஸ்ஸில் வருவது ஒன்று. ராத்திரி மூன்று மணிக்கு, பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருக்கும்போது வருவது வேறொன்று. மருத்துவமனை கேட்டைப் பார்த்ததுமே குமட்டிக்கொண்டு வருவது மூன்றாவது. ஸ்கேன் ரிசல்ட்டுக்காகக் காத்திருக்கும் நாள்களில் வருவது இன்னொன்று. பஸ்ஸில் கைகொடுத்த வழி ராத்திரியில் கைகொடுக்கவில்லை. எது சிறந்த வழி என்று பொதுவாகக் கேட்டுக்கொண்டிருந்த வரைக்கும் எனக்கு விடை கிடைக்கவில்லை.

மூச்சை முதலில் எடுத்துக்கொள்கிறேன். காசில்லை, யாரிடமும் நேரம் வாங்க வேண்டியதில்லை. பதற்றத்தில் நாம் வேகவேகமாக மூச்சுவிடுகிறோம். அதனால் ரத்தத்தில் கரியமிலவாயு குறைகிறது. விரல் மரத்துப்போவதும் தலை சுற்றுவதும் அதனால்தான். மூச்சு போதவில்லை என்று தோன்றும் நேரத்தில் உண்மையில் அளவுக்கு மேல் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிறோம். இதைத் தெரிந்துகொண்டதே எனக்குப் பாதி மருந்து. மனத்துக்குள் நான்கு எண்ணும்வரை மூக்கால் இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விட வேண்டும். விடும் மூச்சு நீளமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். பீதி பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் உச்சிக்குப் போய்விட்டுத் தானாக இறங்கும்; அந்தப் பத்து நிமிடத்தைக் கடக்க இது ஒரு கைப்பிடி. இதோடு உடம்பின் ஒவ்வொரு பகுதியையும் ஐந்து விநாடி இறுக்கித் தளர்த்தும் பயிற்சியும் உண்டு. அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் உருவாக்கியது. ஆபரேஷன் ஆன பக்கத்துக் கையை மட்டும், மருத்துவர் சொல்லும்வரை அழுத்தமாக இறுக்காதீர்கள்.

கரண்ட் வைக்கும் அறைக்கு இது மிகவும் பொருந்தியது. கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே போய்விடுவார்கள். அந்தச் சில நிமிடத் தனிமைதான் பலரைக் கலங்கடிக்கிறது. உள்ளே கேமராவும் மைக்கும் இருக்கின்றன, வெளியிலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள், கையசைத்தால் நிறுத்துவார்கள் என்பதை முதல் நாளே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். இடது பக்கம் கரண்ட் வைப்பவர்களுக்கு, இதயம் கதிருக்கு விலகி இருப்பதற்காகச் சில இடங்களில் மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்வார்கள். எனக்குச் சொன்னார்கள். மூச்சை நினைத்தாலே பயப்படுகிற ஆளுக்கு அது எவ்வளவு கொடுமை! ஒரு வாரம் வீட்டில் பாயில் படுத்து, மகன் போனில் நேரம் பார்க்க, பிடித்துப் பழகினேன். போன முதல் நாளே என்னால் மூச்சைப் பிடிக்க முடிந்தது.

ஆனால் மூச்சுக்கு ஒரு குறை இருக்கிறது. பயம் வந்த பிறகு கற்றுக்கொள்ள முடியாது; நன்றாக இருக்கும் நேரத்தில் தினம் இரண்டு வேளை பழகினால்தான் பஸ்ஸில் கைகொடுக்கும். ராத்திரி மூன்று மணிக்கோ, "நான் போயிட்டா புள்ளைங்க?" என்ற கேள்விக்கு நாலும் ஆறும் எண்ணுவது பதிலாகவில்லை. அந்த இடத்தில்தான் மாத்திரையா, பேச்சா என்ற கேள்வி எனக்கு எழுந்தது. இந்த இரண்டைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். ஊரில் குழப்பமும் இவற்றில்தான்.

மாத்திரை என்று சொல்லும்போது நாம் இரண்டு வேறு வேறு வகைகளை ஒன்றாகப் போட்டுப் பேசுகிறோம். குளோனசெபாம், அல்பிரசோலாம், லோரசெபாம் ஒரு வகை. அரை மணி, ஒரு மணி நேரத்தில் வேலை செய்யும். கீமோவுக்கு முந்தின ராத்திரி, எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் போகும் நாள், மருத்துவமனை வாசலிலேயே குமட்டும் பழக்கம், இப்படி எண்ணிவிடக்கூடிய சில நாள்களுக்கு மருத்துவர் தந்தால் பெரிய உதவி. தினமும் போட்டால் சில வாரங்களிலேயே உடம்பு பழகிவிடும். திடீரென்று நிறுத்தினால் பயம் இரட்டிப்பாகத் திரும்பும். வலிக்கு மார்ஃபின் போன்றவை போகும்போது இவையும் சேர்ந்தால் மூச்சே மந்தமாகிவிடும் ஆபத்து உண்டு. மாமியார் பயந்தது இந்த வகைக்குத்தான், அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் மருந்துக்கடைக்காரர் சொன்ன அரை மாத்திரையை நான் வாங்கவில்லை.

இன்னொரு வகை, எசிடலோபிராம், செர்ட்ராலின், வென்லாஃபாக்சின் போன்றவை. இவை போட்டவுடன் வேலை செய்யாது. இரண்டிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். முதல் வாரத்தில் படபடப்பு கொஞ்சம் கூடக்கூடச் செய்யும். அதைச் சொல்லாமல் கொடுத்தால் 'இது எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை' என்று பலர் மூன்றாம் நாளே தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். இவை தூக்க மாத்திரை போலப் போதைப் பழக்கம் ஆவதில்லை; ஆனாலும் மருத்துவர் சொல்லி மெதுவாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். கீமோவில் சாப்பாடும் தூக்கமும் போய் குமட்டலும் இருப்பவர்களுக்கு மிர்டாசபைன் தருவதுண்டு. அது மூன்றுக்குமே கொஞ்சம் உதவும்.

மார்பகப் புற்றுநோய்க்காரர்கள் தவறவிடக் கூடாத ஒரு செய்தி இங்கே இருக்கிறது. டமாக்சிஃபென் நம் கல்லீரலில் மாறிய பிறகுதான் முழு வலுவோடு வேலை செய்கிறது. அந்த மாற்றத்தைச் செய்யும் என்சைமை பரோக்ஸ்டைன், ஃபுளுவாக்ஸ்டைன், புப்ரோபியான் ஆகிய மாத்திரைகள் பலமாகத் தடுக்கின்றன. ஆகவே டமாக்சிஃபென் போடுபவர்களுக்கு இவற்றைத் தவிர்த்து, வென்லாஃபாக்சின், எசிடலோபிராம் போன்றவற்றைத் தேர்ந்தெடுப்பார்கள். வென்லாஃபாக்சின், டமாக்சிஃபெனால் வரும் உடல் தகிப்பையும் தணிக்கும். மனநல மருத்துவரிடம் போகும்போது புற்றுநோய் ஃபைலை முழுசாகக் கொண்டுபோங்கள். புற்றுநோய் மருத்துவரிடம் மனநல மாத்திரைச் சீட்டைக் காட்டுங்கள். வாந்திக்குப் போடும் ஆன்டான்செட்ரானும் எசிடலோபிராமும் சேரும்போது ஒரு ஈ.சி.ஜி. எடுத்துப் பார்க்கச் சொல்வதும், வலிக்கு டிரமடால் போனால் யோசிப்பதும் இப்படிக் காட்டினால்தான் நடக்கும். இரண்டு மருத்துவமனைக்கு அலைபவர்களுக்கு இதை நினைவூட்ட வேறு யாரும் இல்லை; நாமேதான் நினைவூட்ட வேண்டும்.

பேச்சுக்கு வருகிறேன். முதலில் எனக்குக் கிடைத்த கவுன்சலிங் பத்து நிமிடம். "தைரியமா இருங்க, புள்ளைங்க முகத்தப் பாருங்க" என்றார்கள். பிள்ளைகள் முகத்தைப் பார்த்துத்தான் எனக்கு மூச்சே முட்டுகிறது என்று எப்படிச் சொல்வது? இனி பேச்சே வேண்டாம் என்று ஒன்றரை மாதம் வீட்டில் இருந்தேன். அந்த ஒன்றரை மாதத்தை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. இரண்டாவதாகப் பார்த்த ஆலோசகர் தைரியம் என்ற சொல்லையே எடுக்கவில்லை. "எந்த நேரத்துல வருது? எவ்வளவு நேரம் இருக்கு? அப்ப மனசுல என்ன ஓடுது? அதுக்கப்புறம் எதையெல்லாம் செய்யறத நிறுத்திட்டீங்க?" என்று கேட்டு எழுதிக்கொண்டார். சிபிடி என்று சொல்கிறார்கள், எண்ணத்தையும் பழக்கத்தையும் சேர்த்துத் திருத்தும் முறை. நல்ல ஆலோசகரா என்று முதல் நாளே தெரிந்துகொள்ள இந்தக் கேள்விகள் போதும். அறிவுரை மட்டும் சொல்லி அனுப்பினால் வேறு ஆளைப் பாருங்கள். பேச்சு சிகிச்சையின் மேல் பழியைப் போடாதீர்கள்.

அவர் எனக்கு வகுத்த திட்டத்தைச் சொல்ல வேண்டும். பஸ்ஸுக்குப் பயந்து ஆட்டோவுக்கும் காருக்கும் காசைக் கரைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது வாரம், கீமோவால் குறைந்திருந்த வெள்ளை அணு ஏறி, மருத்துவர் சரி என்ற பிறகு, கூட்டம் இல்லாத மத்தியான பஸ்ஸில், முகக்கவசத்தோடு, முதல் நாள் ஆல்பேட்டை வரை. பெண்ணையாற்றுப் பாலத்துக்குக்கூடப் போகவில்லை. அங்கே இறங்கித் திரும்பி வந்தோம். அடுத்து ரெட்டிச்சாவடி. அடுத்து கன்னியக்கோவில். படபடப்பு வந்தால் இறங்கக் கூடாது, அது ஏறி இறங்கும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. கிருமாம்பாக்கத்தில் நெஞ்சு அடித்துக்கொண்டதுதான். நாத்தனார் கையைப் பிடிக்கவில்லை. பிடிக்க வேண்டாம் என்று ஆலோசகர் சொல்லியிருந்தார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள் என்று பிறகு சொன்னாள். தவளக்குப்பம் வரும்போது எனக்கு அடங்கிவிட்டது. நாங்கள் இறங்கவில்லை.

பேச்சின் குறைகளையும் மறைக்கக் கூடாது. ஆறு, எட்டு, பன்னிரண்டு முறை போக வேண்டியிருக்கும். வெள்ளை அணு குறைந்த வாரத்தில் போக முடியாது. தமிழில் நிதானமாகப் பேசும் ஆலோசகர் எல்லா மருத்துவமனையிலும் கிடைப்பதில்லை. தூக்கமே இல்லாமல், சாப்பாடும் இறங்காமல் கிடக்கும் ஆளுக்கு, எழுதிப் பார், பஸ் ஏறிப் பார் என்றால் அவளால் முடியாது. அந்த நிலையில் மாத்திரை முதலில், பேச்சு அதன் தோளில் ஏறி என்பதே என் கருத்து. நான் எசிடலோபிராமோடு அப்படித்தான் தொடங்கினேன். தூக்கம் திரும்பிய பிறகுதான் ஆலோசகர் சொன்னது என் காதில் ஏறியது. அதற்கு மாறாக, தூக்கமும் சாப்பாடும் ஓரளவு இருந்து, குறிப்பிட்ட சில இடங்களில் மட்டும் பயம் வருகிறது என்றால், மாத்திரை இல்லாமல் பேச்சோடு தொடங்கிப் பார்க்கலாம்.

எங்கே போவது? புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மரில் புற்றுநோய்ப் பிரிவும் மனநலப் பிரிவும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. அங்கே சிகிச்சை எடுப்பவர்கள் தங்கள் மருத்துவரிடமே அந்தப் பிரிவுக்கு எழுதித் தரச் சொல்லிக் கேட்கலாம். கடலூர்க்காரர்களுக்கு மஞ்சக்குப்பம் அரசு தலைமை மருத்துவமனையில் மனநல மருத்துவரைக் கட்டணம் இல்லாமல் பார்க்க முடியும். நள்ளிரவில் பேச ஆள் வேண்டுமென்றால் 14416, டெலி மானஸ் எண். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது. 24 மணி நேரமும், தமிழிலும், இலவசம். சிகிச்சைக்கு அது மாற்று இல்லை. ஆனால் மூன்று மணிப் பயத்துக்கு, வீட்டில் யாரையும் எழுப்பாமல் ஒரு குரலைக் கேட்க வழி செய்கிறது. வாழ்ந்தது போதும் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால், அப்போது எழுப்புங்கள். வீட்டில் இருப்பவர்களையும் எழுப்புங்கள், அந்த எண்ணையும் கூப்பிடுங்கள், விடியும்வரை காத்திருக்காதீர்கள்.

யோகா, இசை, கோயில் இவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பயன் குறைவு என்பதால் இல்லை. இவற்றில் சண்டையிட ஒன்றுமில்லை. சிகிச்சை நடக்கும் காலத்தின் பதற்றத்துக்கு யோகா, தியானம், தளர்வுப் பயிற்சி, இசை ஆகியவை உதவும் என்று 2023-இல் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. கடலூர் ரோட்டிலேயே பிள்ளையார்குப்பம் மகாத்மா காந்தி மருத்துவக் கல்லூரியில் யோகா சிகிச்சைக்கும் இசை சிகிச்சைக்கும் மையங்கள் உண்டு. வீதிக்கு ஒன்றாக இருக்கும் யோகா வகுப்பில் சேர்வதானால் ஆபரேஷன் ஆனதை முதலிலேயே சொல்லுங்கள். கையில் எடை தாங்கும் ஆசனம், கபாலபாதி போன்ற வேகமான மூச்சு வேண்டாம். தேனீ போல ரீங்கரித்து மூச்சுவிடும் பிராமரி எனக்குப் பிடித்தது. நாட்டு மருந்துக் கடையில் மனம் அடங்க என்று தரும் அமுக்கரா போன்றவற்றை மட்டும் கீமோ மருத்துவரிடம் கேட்காமல் சாப்பிடாதீர்கள். அமுக்கரா சிலருக்குக் கல்லீரலையும் தைராய்டையும் பாதிக்கக்கூடும்.

உடன் சிகிச்சை எடுக்கும் பெண்கள் தரும் தெம்பை வேறு எதுவும் தரவில்லை. கீமோ நாற்காலிக்கு வெளியே அந்த நீளமான பெஞ்சில், நெட்டப்பாக்கத்திலிருந்து வந்த ஒரு அக்கா தன் தலையில் முளைத்த முடியைத் தடவச் சொல்லி என் கையை எடுத்து வைத்தார். எந்த மாத்திரையாலும் அதைத் தர முடியாது. ஆனால் அதே பெஞ்சில்தான், 'எனக்குத் தெரிஞ்ச ஒருத்திக்கு எலும்புக்குப் போயிடுச்சு' என்ற கதையும் கேட்டேன். மூன்று ராத்திரி தூங்கவில்லை. கட்டியின் வகை ஆளுக்கு ஆள் வேறு. அவர்கள் கதை நம் கதை ஆகாது. இப்போதெல்லாம் பேச்சு அந்தப் பக்கம் திரும்பினால், தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்துவிடுகிறேன்.

என்னிடம் கேட்டு வருகிறவர்களுக்கு நான் இப்போது சொல்வது இது. கீமோ முடிந்த முதல் மூன்று ராத்திரி மட்டும் தூக்கம் கெட்டால், முதலில் ஸ்டீராய்டு நேரத்தை மாற்றக் கேளுங்கள். ஊசிக்கும் ஸ்கேனுக்கும் மட்டும் பயமென்றால் மூச்சைப் பழகுங்கள். அது போதாவிட்டால் அந்த நாளுக்கு மட்டும் ஒரு மாத்திரை கேளுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தினமும் பயம் இருந்து, சாப்பாட்டையும் தூக்கத்தையும் அடுத்த கீமோவுக்குப் போவதையும் அது தடுத்தால், மனநல மருத்துவரைப் பாருங்கள், யார் என்ன சொன்னாலும். என் மாமியாரிடம், "அத்தை, சர்க்கரைக்கு நீங்க மாத்திரை போடறீங்கள்ல, அது மாதிரிதான்" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. அடுத்த முறை மாத்திரைக்கு முன்னால் ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து வைத்தார்.

சிகிச்சை முடிந்த பிறகு வரும் பயத்தை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. வாரா வாரம் மருத்துவமனைக்குப் போய்க்கொண்டிருந்தவரை யாரோ பார்த்துக்கொள்கிறார்கள் என்றிருந்தது; கடைசி கரண்ட் முடிந்த அன்று வீட்டுக்கு வந்ததும் கையை விட்டுவிட்டார்கள் போல இருந்தது. முதுகு வலித்தால் எலும்பு, இருமினால் நுரையீரல். இதற்கு மாத்திரையைவிடப் பேச்சே எனக்குப் பொருந்துகிறது. புதிதாக வரும் வலி இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் காட்டுவது, அதற்குள் இணையத்தில் தேடாமல் இருப்பது என்று ஆலோசகரோடு ஒரு ஒப்பந்தம் போட்டிருக்கிறேன். எசிடலோபிராமை மருத்துவர் மெதுவாகக் குறைத்துக்கொண்டு வருகிறார். அடுத்த மேமோகிராம் தை மாதம். அதற்கு முந்தின வாரத்துக்கே ஆலோசகரிடம் நேரம் வாங்கிவிட்டேன். நாத்தனார் வருவதாகச் சொல்கிறாள். ரெட்டிச்சாவடி வரை அவள் வரட்டும், அதற்குப் பிறகு நான் தனியாகப் போய்ப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.